பேடு சுத்துதா, பேடு சுத்தமா?

கேள்வி இதுதான்: “புதிதாக டிஏ பாலிஷர் வாங்கினேன். கறுப்பு கார். பானெட்டில் மட்டும் ஒரு மணி நேரம் ஓட்டினேன். வெயிலில் பார்த்தால் சிலந்திவலைக் கோடுகள் அப்படியே இருக்கின்றன, நடுவில் ஒரு இடம் மங்கியும் விட்டது. இன்னும் வேகமாக வெட்டும் கம்பவுண்ட் வாங்கட்டுமா, இல்லை ரோட்டரிக்கே போய்விடட்டுமா?”

இரண்டும் வேண்டாம், காசை உள்ளே வையுங்கள். (புதிதாகப் படிப்பவர்களுக்கு: டிஏ, அதாவது டூயல் ஆக்‌ஷன் பாலிஷர், கார் பெயிண்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் மெஷின். பேடு அதில் ஒட்டும் வட்டமான மெத்தை. கம்பவுண்ட் பெயிண்டை மெல்லிசாகத் தேய்த்தெடுக்கும், அதாவது ‘வெட்டும்’, பசை.) உங்கள் கேள்வியைப் படித்ததும் மூன்று வருடத்துக்கு முந்தைய என் வீட்டு வாசல் ஞாபகம் வந்தது. நான் இந்தத் தொழில்காரன் இல்லை, ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். மதுரை விளாங்குடியில் வீடு, வாசலில் வேப்பமரம், அதன் அடியில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கருநீலக் கார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க அந்த வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கோடு போகவில்லை என்றதும் அழுத்தினேன். அழுத்தியும் போகவில்லை என்றதும் கம்பவுண்டை அள்ளி ஊற்றினேன். மதியத்துக்குள் சட்டை, மூக்கு, வேப்பமரம் எல்லாம் வெள்ளைத் தூசி. கோடு மட்டும் குத்துக்கல்லாக நின்றது.

அப்போது ஆரப்பாளையம் பக்கம் ஷெட் வைத்திருக்கும் பெயிண்டர் அண்ணன் ஒருவர் வேறு வேலையாக வந்தார். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

“தம்பி, மெஷினு சுத்துதா, ஆடுதா?”

“சுத்துதுண்ணே.”

“எங்கிட்டு சுத்துது? அது சாமி வந்த மாதிரி ஆடிக்கிட்டுல்ல நிக்குது.”

என் மகளின் பென்சில் டப்பாவிலிருந்து ஒயிட்னரை வாங்கி, பேடு ஒட்டுகிற அந்தக் கறுப்பு பிளேட்டின் விளிம்பில் ஒரு கோடு போட்டார். “இப்ப ஓட்டு” என்றார். ஓட்டினேன். கோடு ஒரே இடத்தில் நின்று நடுங்கியது. ஒரு சுற்றுகூட வரவில்லை. அரை நாளாக நான் காரைப் பாலிஷ் போடவில்லை, மசாஜ் செய்துகொண்டிருந்தேன் என்பது அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

இந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதி சிக்கல் தீர்ந்துவிடும். ரோட்டரியில் மோட்டார் பேடை நேரடியாகச் சுற்றவைக்கும், நீங்கள் என்ன அழுத்தினாலும் அது நிற்காது. அதனால்தான் அது பெயிண்டைச் சூடாக்கும், விளிம்பில் பட்டால் உரித்தும் விடும். டிஏ அப்படி இல்லை. மோட்டார் பேடை மையத்திலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடித்து வட்டத்தில் ஆட்டுகிறது. பேடு தன் அச்சில் சுற்றுவது ஒரு பேரிங்கின் மேல், மோட்டாரோடு நேரடிப் பிணைப்பு இல்லாமல். பம்பரம் தன்னையும் சுற்றிக்கொண்டு தரையில் வட்டமும் போடுமே, அந்த மாதிரி. அழுத்தம் கூடினாலோ, பேடு சாய்ந்தாலோ, வளைவான இடத்தில் ஒரு ஓரம் மட்டும் பட்டாலோ, சுற்று நின்று ஆட்டம் மட்டும் மிஞ்சும். மெஷின் சத்தம் கிட்டத்தட்ட மாறாமல் இருப்பதால் காது ஏமாந்துவிடும், கண்ணால் பார்த்தால்தான் தெரியும். கியர் வைத்துக் கட்டாயமாகச் சுற்றவைக்கும் டிஏ ரகமும் உண்டு, அது நிற்காது. ஆனால் நம் மாதிரி ஆட்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் இந்தத் தானாகச் சுற்றும் ரகம்தான்.

எனவே முதல் வேலை பிளேட்டில் போடும் அந்த வெள்ளைக் கோடு. அது நிதானமாகவாவது சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் அழுத்தத்தைக் குறையுங்கள், பேடைத் தட்டையாகப் பிடியுங்கள், அப்புறம் ஸ்பீடை ஒரு எண் கூட்டுங்கள். இதே வரிசையில் செய்யுங்கள். எவ்வளவு அழுத்துவது என்று எனக்குக் கை பிடிபடாமல், வீட்டில் எடை பார்க்கும் மெஷின் மேல் ஒரு பலகையை வைத்து, பாலிஷரை ஓடவிடாமல் அதன் மேல் வைத்து அழுத்திப் பார்த்தேன். பாலிஷர் எடையோடு சேர்த்து ஆறேழு கிலோ வந்தால் போதும். அன்று நான் அழுத்தியது எவ்வளவு என்று அதே மாதிரி செய்து பார்த்தால் முள் பதினஞ்சைத் தாண்டியது. வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

உங்கள் மெஷினில் 8, 15, 21 என்று ஏதாவது எண் போட்டிருக்கும். அது ஆட்டத்தின் அகலம், மில்லிமீட்டரில். 21 பானெட், கூரை மாதிரி அகலமான இடத்துக்குச் சுகம், வளைவில் சட்டென்று நின்றுவிடும். 8 மெதுவாக வெட்டும், கொஞ்சம் அழுத்தினாலே திணறும். எது இருந்தாலும் ஓட்டிவிடலாம். கதவுக் கைப்பிடி, பம்பர் மூலைக்கு மட்டும் மூன்று இன்ச் பிளேட்டும் பேடும் உங்கள் மெஷினுக்குக் கிடைத்தால் வாங்கி வையுங்கள்.

இனி இரண்டாவது விஷயம், என் அனுபவத்தில் இதுதான் பெரிய விஷயம்: பேடின் சுத்தம். கம்பவுண்ட் வெட்டி எடுத்த பெயிண்ட் தூள் எங்கே போகிறது? பேடுக்குள்தான். அதோடு காய்ந்த கம்பவுண்டும் சேர்ந்து, நாலு சதுரம் (சதுரம் என்பது ஒரு தடவைக்கு எடுக்கும் இடம்) முடிவதற்குள் பேடின் முகம் பழைய தோசைக்கல் மாதிரி மெழுகிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் தேய்ப்பது கம்பவுண்டை அல்ல, அந்த அழுக்கை. வெட்டு குறையும், மங்கல் விழும். பானெட் நடுவில் மங்கியதாகச் சொன்னீர்களே, முதல் சந்தேகம் எனக்கு இதன் மேல்தான். ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் மெஷினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, பேடு முகத்தில் நைலான் பிரஷை வைத்துத் தூளைக் கழற்றுங்கள். காரை விட்டுத் தள்ளி நின்று செய்யுங்கள். மைக்ரோஃபைபர் பேடு என்றால் காற்று அடிப்பதுதான் நல்லது. எங்கள் தெருமுனை பஞ்சர் கடையில் காற்றுத் துப்பாக்கி இருக்கிறது. ஆறு பேடை ஒரு வாளியில் போட்டுக் கொண்டுபோனால் கடைக்காரர் சிரித்துக்கொண்டே அடித்துத் தருவார், ஒரு டீக்கு மேல் வாங்கிக்கொண்டதில்லை.

ஒரே பேடில் முழுக் காரையும் முடிக்க நினைக்காதீர்கள். எனக்கு வெட்டுக்கு நாலு, முடிப்புக்கு (கடைசியாகப் பளபளப்பு ஏற்ற) இரண்டு வேண்டியிருக்கிறது. காரணம் அழுக்கு மட்டும் இல்லை, சூடும்தான். தொடர்ந்து ஓடும் பேடின் நடுவில் சூடு ஏறி, ஃபோம் இளகி, வெல்க்ரோ பசை விட்டுவிடும். முதல் மாதமே ஒரு பேடு பிளேட்டிலிருந்து கழன்று பக்கத்து வீட்டுக் கோலத்தின் மேல் போய் விழுந்தது. கம்பவுண்ட் வாங்க வைத்திருக்கும் காசில் பேடு வாங்குங்கள் என்று சொல்வது இதனால்தான்.

கம்பவுண்ட் அளவு: புதுப் பேடு என்றால் முதலில் முகம் முழுக்க விரலால் மெல்லிசாகத் தடவி ஊறவைக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு சதுரத்துக்கும் பட்டாணி அளவில் மூன்று சொட்டு. அவ்வளவுதான். சதுரம் என்பது இரண்டடிக்கு இரண்டடி, அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. பேடைப் பெயிண்டின் மேல் வைத்த பிறகே ஸ்விட்ச், நின்ற பிறகே தூக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவரெல்லாம் புள்ளி. ஸ்பீடு ஒன்றில் வைத்துப் பரப்பி, நாலு அல்லது அஞ்சில் வெட்டுங்கள். கை வேகம் விநாடிக்கு ஒரு இன்ச், இரண்டு இன்ச். இந்த நிதானம்தான் முதலில் யாருக்கும் வராது, துணி தேய்க்கிற வேகத்தில் கை ஓடிவிடும். இடமிருந்து வலம் ஒரு முறை, மேலிருந்து கீழ் ஒரு முறை, ஒவ்வொரு பாதையும் முந்தைய பாதையில் பாதியை மூட வேண்டும். இப்படி நாலிலிருந்து ஆறு முறை.

மதுரை வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் ஆள் ஏசி கராஜுக்குள் நின்று சாவகாசமாக ஓட்டுகிறார். சித்திரை வைகாசியில் நம் ஊரில் கறுப்பு பானெட்டில் கை வைக்க முடியுமா? அந்தச் சூட்டில் கம்பவுண்டில் உள்ள ஈரமும் எண்ணெயும் இரண்டாவது சுற்றிலேயே காய்ந்து, மீதி ஓட்டம் எல்லாம் வறட்டுத் தேய்ப்பு. தூசி பறப்பதும், மங்குவதும், துடைக்கும்போது அப்பிக்கொள்வதும் இதன் அறிகுறி. நான் விடிகாலை அஞ்சரைக்கு ஆரம்பித்து ஒன்பது மணிக்கு மூட்டை கட்டிவிடுவேன். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பேனல், முழுக் கார் முடிய நாலைந்து ஞாயிறு. மரத்தடி நிழலிலும் பேனல் சூடாக இருந்தால் ஈரத்துணி போட்டுக் குளிரவைத்துத் துடைத்துவிட்டுத்தான் மெஷினை எடுப்பேன். பாதியில் காய்கிற மாதிரி தெரிந்தால் பேடில் ஒரே ஒரு முறை தண்ணீரை ஸ்பிரே செய்யலாம், குழாயில் பிடித்த உப்புத் தண்ணீர் வேண்டாம்.

உப்புத் தண்ணீர் என்றதும் இன்னொன்று. கறுப்பு காரில் வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளி இருந்தால் அது கோடு இல்லை, போர் தண்ணீர் காய்ந்துவிட்டுப்போன சுண்ணாம்பு. அதைப் பாலிஷரால் தேய்த்து எடுக்க நினைத்தால் பேடும் பாழ், நேரமும் பாழ். வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, குளிர்ந்த பேனலில் துணியால் ஒற்றி, ஒரு நிமிடத்தில் நன்றாகக் கழுவிவிட்டால் புதுப் புள்ளிகள் கரைந்துவிடும். அப்புறமும் குழியாகத் தெரிந்தால்தான் அது கிளியர் கோட்டுக்குள் (பெயிண்டின் மேல் இருக்கும் நிறமற்ற பூச்சு) இறங்கியிருக்கிறது, அதற்கு மெஷின். காக்கை எச்சமும் இதே மாதிரி அரிக்கும். வேப்பமர நிழலுக்கு நான் கொடுக்கும் வாடகை அது.

கழுவாமல், களிமண் கட்டி (கார் பெயிண்டுக்கென்றே விற்கும் ‘கிளே பார்’, தரைக் களிமண் இல்லை) போட்டுத் தேய்க்காமல் பாலிஷர் எடுக்கவே கூடாது. கழுவியபின் கையை மெல்லிய பிளாஸ்டிக் பையில் நுழைத்து விரல் நுனியால் பெயிண்டைத் தடவிப் பாருங்கள், மணல் மாதிரி நெருடினால் களிமண் வேலை பாக்கி. சோப்புத் தண்ணீர் வழியவிட்டுத் தேய்க்க வேண்டும். கிரானைட் குவாரிகளுக்குப் பேர்போன மேலூர்ப் பக்கம் அடிக்கடி போய்வருபவர் என்றால் இரண்டு முறை கழுவுங்கள். அந்தச் சாலைத் தூசியில் கிரானைட் தூள் கலந்திருக்கலாம். கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ், கார் பெயிண்டைவிட, ஏன் இரும்பைவிடவும் கடினமானது. தினமும் காலையில் காய்ந்த துண்டால் “தூசி தட்டுகிறேன்” என்று வண்டியைத் துடைக்கிறோமே, அந்தச் சிலந்திவலையில் முக்கால்வாசி அப்படி நாமே பின்னியதுதான்.

பெயிண்டைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. மேலே இருக்கும் கிளியர் கோட் சுமார் 40 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லிசு. வெட்டுகிற ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு மைக்ரான் போகும், திரும்ப வராது. நகத்தை ஓட்டினால் சிக்குகிற கீறலைத் துரத்தாதீர்கள், அதன் ஓரம் மழுங்கினால் போதும். பாடி மடிப்புகளிலும் கதவு விளிம்பிலும் பெயிண்ட் இன்னும் மெல்லிசாக உட்கார்ந்திருக்கும், அங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். மொத்தப் பெயிண்ட் தடிமனை அளக்கும் கருவி யாரிடமாவது இருந்தால் ஒரு நாள் இரவல் வாங்குங்கள். என் காரில் கூரை 95 மைக்ரான் காட்டியது, இடது பின்கதவு 280. “ஒரு கீறல் கூட இல்லாத வண்டி சார்” என்று சொல்லித்தான் விற்றார்கள். பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்த கதவு அது. மற்ற பேனலுக்கு ஒத்துவந்த பேடு அந்தக் கதவில் மங்கல் போட்டது, ஏனென்றால் ஷெட்டில் அடித்த கிளியர் கம்பெனி கிளியரைவிட மென்மையாக இருந்தது. அதற்கு மட்டும் மெத்தென்ற ஃபோம் பேடும் முடிப்பு பாலிஷும் போட்டேன், தெளிந்துவிட்டது. ஃபோம் பேடின் நிறத்தை வைத்து மட்டும் வாங்காதீர்கள், ஒரு கம்பெனியின் ஆரஞ்சு இன்னொரு கம்பெனியின் ஆரஞ்சு இல்லை.

ஆக உங்களுக்கு என் யோசனை: பானெட்டில் ஒரே ஒரு சதுரத்தைத் தேர்ந்தெடுங்கள். புதுப் பேடு, இருக்கிற அதே கம்பவுண்ட், பிளேட்டில் கோடு. முடித்ததும் வெறுமனே துடைத்துவிட்டுப் பார்க்காதீர்கள், கம்பவுண்டின் எண்ணெய் கோடுகளை மறைத்துப் பொய் சொல்லும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நாலு பங்கு கலந்து துடைத்து, செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். கோடு போய் லேசான மங்கல் மட்டும் இருந்தால் முடிப்பு பேடு. கோடே மிச்சம் இருந்தால் கம்பவுண்டுக்கு முன் பேடை மாற்றுங்கள், ஃபோமிலிருந்து மைக்ரோஃபைபருக்கு. அதுவும் பலிக்காவிட்டால்தான் கம்பவுண்ட். அந்த ஒரு சதுரம் சரியாக வரும்வரை அடுத்த சதுரத்தைத் தொட வேண்டாம்.

ரோட்டரி ஆசை எனக்கும் வந்தது. பெயிண்டர் அண்ணனிடம் கேட்டேன். “உனக்கு அது வேணாம் தம்பி. நான் பத்து வருசம் அடுத்தவன் வண்டியில கத்துக்கிட்டேன், நீ ஒன் வண்டியில கத்துக்கணும்ல” என்றார்.

பிளேட்டில் கோடு போட வெள்ளை மார்க்கரோ ஒயிட்னரோ எடுங்கள். ஒயிட்னர் உதிர்ந்தபின் அவசரத்தில் கறுப்பு பிளேட்டில் கறுப்பு மார்க்கரால் கோடு போட்டு, சுற்றுகிறதா என்று அஞ்சு நிமிடம் உற்றுப் பார்த்தவன் நான்.