டபுள் நெக் கிட்டார்: கேட்டதற்குப் பதில்

கே: ஒரே கிட்டாரில் எதற்கு இரண்டு நெக் (கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்து)? வேறு கிட்டாரை எடுத்து மாட்டிக்கொண்டால் ஆகாதா?

இரண்டு பாட்டுக்கு நடுவில் என்றால் தாராளமாக மாற்றலாம். ஒரே பாட்டுக்குள், ஜோடி ஜோடியாகக் கம்பி போட்டு அடர்த்தியாக ஒலிக்கும் 12 கம்பியும் சாதாரண 6 கம்பியும் தேவைப்பட்டால்தான் வம்பு. ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டி ஒயரைச் செருகுவதற்குள் பாட்டு எங்கேயோ போயிருக்கும். வழக்கமான டபுள் நெக்கில் மேலே 12 கம்பி, கீழே 6 கம்பி. ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும், கை மேல் நெக்கிலிருந்து கீழ் நெக்குக்கு இறங்கிவிடும். இது மேடைக்கென்று பிறந்த வாத்தியம். ஸ்டுடியோவில் இதற்குப் பெரிய வேலை இல்லை, அங்கே ஒவ்வொன்றாகப் பதிவு செய்து அடுக்கிக்கொள்ளலாம்.

கே: முதலில் செய்தது அமெரிக்க கிட்டார் நிறுவனம் கிப்சன்தானே?

இல்லை. மடியில் வைத்து வாசிக்கும் ஹவாயன் ஸ்டீல் கிட்டாரில் அதற்கு முன்பே இரண்டு நெக் வந்துவிட்டது. அதில் ஒவ்வொரு நெக்கையும் ஒவ்வொரு விதமாக டியூன் செய்து வைத்துக்கொள்வார்கள். தோளில் மாட்டும் வகையில், 1954இல் அமெரிக்காவில் கிட்டார் செய்யும் செமி மோஸ்லி, கன்ட்ரி இசைக் கலைஞர் ஜோ மேஃபிஸுக்காக ஒன்று செய்தார். அதன் இரண்டாவது நெக் குட்டையானது, ஓர் ஆக்டேவ் (ஸ்தாயி) மேலே ஒலிக்கும்.

கிப்சனின் டபுள் நெக் மாடலான இடிஎஸ்-1275 வந்தது 1958இல். இன்று போஸ்டரில் பார்க்கிற உருவம் அப்போது இல்லை. உள்ளே குடைந்த உடல், மேலே ஸ்ப்ரூஸ் மரம், ஆர்டர் கொடுத்தால் மட்டும் செய்து தருவார்கள். 60களின் தொடக்கத்தில்தான் கிப்சனின் எஸ்ஜி கிட்டார் போல இரண்டு கொம்பு வைத்த தட்டையான திட உடலுக்கு மாறியது. அப்போதும் பெரிதாக விற்கவில்லை. அந்தப் பத்தாண்டின் இறுதியில் நிறுத்தியே விட்டார்கள். 70களில் மறுபடி செய்யத் தொடங்கினார்கள் என்றால், அதற்குக் காரணம் தொழிற்சாலை அல்ல, மேடை.

கே: அண்ணா, ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ பாட்டை லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ் டபுள் நெக்கில்தான் ரெக்கார்ட் செய்தாரா? நண்பனோடு பந்தயம்.

பந்தயம் யார் பக்கம் என்று தெரியவில்லை தம்பி. ரெக்கார்டிங்கில் டபுள் நெக் இல்லை. தொடக்கத்தில் கேட்பது ஹார்மனி அகௌஸ்டிக் கிட்டார், சோலோவுக்கு (தனி வாசிப்புக்கு) ஃபெண்டர் டெலிகாஸ்டர், 12 கம்பிக்கு ஃபெண்டரின் தனி எலெக்ட்ரிக் கிட்டார். இத்தனையையும் ஒரே ஆள் மேடையில் நின்று எப்படி வாசிப்பது? அதற்காக வாங்கியதுதான் அந்தச் செர்ரி சிவப்பு இடிஎஸ்-1275. 1971 மார்ச்சில் பெல்ஃபாஸ்டின் அல்ஸ்டர் ஹாலில் அந்தப் பாட்டை முதன்முதலாக மேடையேற்றினார்கள்.

பழைய கச்சேரி வீடியோவைப் போட்டு அவர் இடது கையை மட்டும் கவனியுங்கள். தொடக்கம் கீழே 6 கம்பியில். நடுவில் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒரே வீச்சில்) அடிக்கும் இடம் வந்ததும் கை மேலே ஏறும். சோலோவுக்கு மறுபடி கீழே.

கே: 12 கம்பி ஏன் மேலே? கீழே வைத்தால் என்ன?

வைக்கலாம், சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் சோலோ வாசிக்கக் கை ஃப்ரெட்போர்டின் (நெக்கில் விரல் அழுத்தும் பலகையின்) கடைசி வரை போக வேண்டும். கீழ் நெக்குக்கு அடியில் காலி இடம், மணிக்கட்டு தாராளமாகத் திரும்பும். மேல் நெக்கில் அவ்வளவு தூரம் போனால் கீழ் நெக் வந்து இடிக்கும். கார்டு அடிக்கிறவருக்கு அங்கே போகும் வேலையே பெரும்பாலும் கிடையாது.

கே: ஒரு நெக்கில் வாசிக்கும்போது மற்றதிலிருந்தும் சத்தம் வருமா?

நெக்கைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சுக்கு மூன்று நிலை: மேல், கீழ், இரண்டும். ஒன்றில் மட்டும் வைத்தால் மற்றதன் பிக்அப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தம்) ஊமை. இரண்டையும் திறந்துவிட்டால்தான் வேடிக்கை. கீழ் நெக்கில் வாசிக்கும் சுரத்துக்கு, யாரும் தொடாத 12 கம்பிகள் தாமாக அதிரும். சிதாரின் தரப் கம்பிகள் செய்கிற அதே வேலை. மெதுவான இடத்தில் அழகாக இருக்கும். ஆம்ப்பின் சத்தத்தை ஏற்றினால் ஊளையிட ஆரம்பிக்கும். அந்த நேரம் சும்மா இருக்கும் கம்பிகளுக்கு அடியில் ஒரு துணியைச் செருகிவிடுவது பழைய வைத்தியம்.

கே: ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’வை மேடையில் வாசித்த வெள்ளை கிட்டாரும் இதே மாடல்தானா?

அதேதான், ஈகிள்ஸ் குழுவின் டான் ஃபெல்டருடையது. 12 கம்பி நெக்கில் ஏழாவது ஃப்ரெட்டில் (வீணையின் மெட்டு மாதிரி) கேபோ, அதாவது எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்தும் கவ்வி, மாட்டியிருப்பார். விரல் பிடிப்பது ஈ மைனர், காதில் விழுவது பி மைனர். கீழ் நெக்கில் கேபோ கிடையாது, சோலோ அங்கே. இதையே ஒற்றை நெக்கில் செய்வதானால் பாட்டின் நடுவில் கேபோவைக் கழற்றியாக வேண்டும். டபுள் நெக்கின் பயனை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

கே: எவ்வளவு கனம் இருக்கும்?

ஆறு கிலோவை ஒட்டி. கனம் என்று பெயரெடுத்த கிப்சன் லெஸ் பால் கிட்டாரே நான்கு கிலோ சுற்றித்தான். அகலமான தோல் ஸ்ட்ராப் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். அதனால்தான் பலரும் அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் மாட்டிவிட்டு இறக்கி வைத்துவிடுகிறார்கள்.

கே: எல்லாமே 12ம் 6ம்தானா?

பேஸ் கிட்டாரும் சாதாரண கிட்டாரும் சேர்ந்ததும் உண்டு. ரஷ் குழுவின் கெடி லீ வைத்திருந்த ரிக்கன்பேக்கர் 4080 அப்படிப்பட்டது. சீப் டிரிக் குழுவின் ரிக் நீல்சன் ஐந்து நெக் வைத்த ஹேமர் கிட்டாரே வைத்திருந்தார். அது கிட்டார் கணக்கில் சேராது, நகைச்சுவைக் கணக்கு. ஆனால் நல்ல நகைச்சுவை.

கே: நம் சங்கீதத்தில் யாராவது இதைத் தொட்டிருக்கிறார்களா?

மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற ஜாஸ் ராக் குழு காலத்தில் டபுள் நெக் வாசித்த ஜான் மெக்லாக்லின்தான் பிறகு நம் சங்கீதமும் ஜாஸும் கலந்த சக்தி குழுவில் வந்து உட்கார்ந்தார். அங்கே அவர் டபுள் நெக்கை விட்டுவிட்டு, குறுக்கே ஏழு தரப் கம்பிகள் போட்ட அகௌஸ்டிக்குக்கு மாறினார். அதே குழுவில் வயலின் வாசித்த எல். சங்கர், சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர், பின்னாளில் இரண்டு நெக், பத்துக் கம்பி எலெக்ட்ரிக் வயலினையே வடிவமைத்தார். கட்டிக் கொடுத்தவர் கிட்டார் செய்யும் கென் பார்க்கர். டபுள் பேஸின் அடிக்குரலிலிருந்து வயலினின் உச்சி வரை ஒரே வாத்தியத்தில் கிடைக்கும். என்னைக் கேட்டால், டபுள் நெக் என்ற யோசனை வெறும் பகட்டு இல்லை என்பதற்கு கிட்டாரைவிட இது நல்ல சாட்சி.

கே: வாங்கலாமா சார்? பார்த்தாலே ஆசையாக இருக்கிறது.

ஆசைக்கு வாங்குவது தப்பே இல்லை. இந்த மாடலில் பாதி கவர்ச்சி அந்தக் கொம்பும் சிவப்பும்தான், அதை ஒத்துக்கொள்ளாமல் இருப்பது பாசாங்கு. 12 கம்பிச் சத்தம் மட்டும் வேண்டுமென்றால் தனியாக ஒரு 12 கம்பி கிட்டார் மலிவு. மலிவான நகல் டபுள் நெக் வாங்குவதானால் 18 கம்பியையும் டியூன் செய்து, கால் மணி நேரம் நின்றபடி வாசித்துவிட்டு மறுபடி டியூனரில் பாருங்கள். 12 கம்பிப் பக்கம் சுருதி இறங்கியிருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பெட்டி சேர்த்துத் தருகிறார்களா என்றும் கேளுங்கள், இந்த அகலத்துக்குத் தனியாகப் பெட்டி தேடுவது பெரும்பாடு.