முகத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் நம் அணிக்காரர் என்றால்?

கேள்வி: எங்கள் அணி ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. கார்னர் கிக்குக்காக எல்லோரும் காத்திருந்தபோது எதிரணி டிஃபெண்டர் எங்கள் ஃபார்வர்டின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். எங்கள் ஆள் முகத்தைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். நடுவர் அந்த டிஃபெண்டருக்கு நேரடியாகச் சிவப்பு அட்டை காட்டினார். ரீப்ளேயில் பார்த்தால் கை முகத்தில் படவே இல்லை. எங்கள் லீக்கில் வி.ஏ.ஆர். (வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் முறை) கிடையாது. எங்கள் ரசிகர் மன்றத்தில் பாதிப் பேர் “புத்திசாலித்தனம்” என்கிறார்கள். மீதிப் பேர் “அசிங்கம், அவனுக்குத் தடை போட வேண்டும்” என்கிறார்கள். மன்றத்தின் சார்பில் கிளப்புக்குக் கடிதம் எழுதலாமா? சட்டப்படி அவர் செய்தது என்ன? ஆட்டம் முடிந்த பிறகு தண்டனை வருமா?

பதில்: கடிதம் எழுதுங்கள். நம் அணிக்கு லாபம் தந்த தப்பைப் பற்றி நாமே எழுதுவது சின்ன விஷயம் இல்லை, அதற்காகவே உங்கள் மன்றத்தின் மேல் எனக்கு மதிப்பு வருகிறது. ஆனால் எழுதுவதற்கு முன் அங்கே நடக்கும் சண்டையைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். தள்ளியது எவ்வளவு பெரிய குற்றம், விழுந்தது குற்றமா, விழுந்தவர் எப்படிப்பட்ட மனிதர் என்று மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் பேசுகிறார்கள். முதல் இரண்டுக்கும் விதிப்புத்தகத்தில் பதில் இருக்கிறது. மூன்றாவதை யாராலும் ஒரு ரீப்ளேயை வைத்துச் சொல்ல முடியாது.

முதலில் தள்ளியவரைப் பார்ப்போம். கால்பந்தின் 17 விதிகளில் 12ஆவது விதிதான் ஃபவுல்களையும் ஒழுங்கீனத்தையும் பற்றியது. பந்துக்காக மோதும்போது கவனக்குறைவாக இடித்தால் வெறும் ஃபவுல், அட்டை இல்லை. எதிராளிக்கு என்ன ஆகும் என்று யோசிக்காமல் பாய்ந்தால் மஞ்சள். தேவைக்கு மீறிய பலத்தோடு, அடிபடும்படி இறங்கினால் சிவப்பு. உங்கள் ஆட்டத்திலோ பந்தே ஆட்டத்தில் இல்லை. பந்துக்கான போட்டி இல்லாதபோது ஒருவர் மேல் மிதமிஞ்சிய பலத்தைக் காட்டினால் அதற்கு வன்முறை என்று பெயர், நேரடி சிவப்பு. அடி விழ வேண்டும் என்பதுகூட இல்லை, முயன்றாலே போதும்.

இதில் முகத்துக்கு மட்டும் தனியாக ஒரு வாசகம் இருக்கிறது. பந்துக்காக மோதாத நேரத்தில் எதிராளியின் தலையிலோ முகத்திலோ வேண்டுமென்றே கையால் அடித்தால் அது வன்முறை. அந்த அடி கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவுக்கு லேசாக இருந்தால் மட்டும் விலக்கு. நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவது அப்படி இல்லை. அதில் மூர்க்கம் இல்லாதவரை நடுவர்கள் மஞ்சளோடு நிறுத்துவார்கள். அந்த டிஃபெண்டருக்கு நியாயமாகக் கிடைத்திருக்க வேண்டியதும் மஞ்சள்தான் என்று நீங்கள் சொல்வதிலிருந்து தெரிகிறது.

ஆக, நெஞ்சுக்கும் முகத்துக்கும் நடுவே இருக்கும் ஒரு சாண் தூரம்தான் அன்று மஞ்சளைச் சிவப்பாக்கியது. கார்னருக்கு முன்னால் பெனால்டி ஏரியாவுக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். நடுவர் ஒரு ஜோடியிலிருந்து அடுத்த ஜோடிக்குப் பார்வையை மாற்றிக்கொண்டே இருப்பார். ஒரு கை நீள்வது மட்டும் ஓரக்கண்ணில் படும், அது எங்கே போய்ப் பட்டது என்பது தெரியாது. திரும்பிப் பார்க்கும்போது ஒருவர் முகத்தைப் பொத்திக்கொண்டு கிடந்தால், தான் பார்க்காமல் விட்டதை அந்தக் கைகளே சொல்லிவிடுகின்றன. உங்கள் ஃபார்வர்ட் அந்த இடத்தில் நடுவரிடம் பொய்ச் சாட்சி சொன்னார் என்றே நான் சொல்வேன்.

அதற்கும் விதியில் இடம் இருக்கிறது. காயம்பட்டது போலவோ ஃபவுல் செய்யப்பட்டது போலவோ பாவனை செய்து நடுவரை ஏமாற்ற முயல்வது விளையாட்டுப் பண்புக்கு எதிரான நடத்தை, மஞ்சள் அட்டை. மஞ்சள்தான், சிவப்பு இல்லை. “நேரடியாக வெளியே அனுப்பியிருக்க வேண்டும்” என்று கொதிக்கும் உறுப்பினர்களுக்கு இதைச் சொல்லிவிடுங்கள். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது நடித்திருந்தால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீகிக் (நேராகக் கோல் அடிக்க முடியாத ஃப்ரீகிக்) கிடைத்திருக்கும். உங்கள் விஷயத்தில் அட்டைக்குப் பிறகு அதே கார்னர்தான்.

இனி “டச் இருந்ததே” என்ற வாதம். டைவ், அதாவது நடித்து விழுவது, பற்றிய விவாதங்களில் பாதி இங்கேதான் தடம் மாறுகின்றன. கால்பந்து உடல் உரசும் விளையாட்டு, தொட்டதெல்லாம் ஃபவுல் ஆகாது. மறுபக்கம், டச் இல்லாமல் விழுந்ததெல்லாம் நடிப்பும் ஆகாது. வேகமாக வரும் காலிலிருந்து தப்பிக்கத் துள்ளி விழுபவர் யாரையும் ஏமாற்றவில்லை. இரண்டும் சேர்ந்தே நடக்கவும் செய்யும்: ஃபவுல் உண்மையாக இருக்கும், அதன்மேல் கொஞ்சம் கூடுதலாகப் புரள்வார்கள். அதனால் டச் இருந்ததா என்று மட்டும் கேட்டால் போதாது. எங்கே பட்டது, அவர் எதைப் பட்டதாகக் காட்டினார், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று கேட்க வேண்டும். நெஞ்சில் தள்ளப்பட்டவர் பின்னால் சாய்ந்து விழுந்தால் அதில் விவாதிக்க இடம் உண்டு. நெஞ்சில் தள்ளப்பட்டவர் முகத்தைப் பிடித்தால் இல்லை.

2002 உலகக் கோப்பையில் பிரேசிலும் துருக்கியும் மோதிய ஆட்டம் பலருக்கு நினைவிருக்கும். கார்னர் எடுக்க நின்ற பிரேசிலின் ரிவால்டோவை நோக்கித் துருக்கியின் ஹகான் உன்சால் பந்தை உதைத்தார். அது காலில் பட, ரிவால்டோ முகத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். உன்சாலுக்கு இரண்டாவது மஞ்சள் கிடைத்து வெளியேறினார். ஃபிஃபா பின்னர் ரிவால்டோவுக்கு 11,670 சுவிஸ் ஃபிராங்க் அபராதம் விதித்தது, ஆட்டத் தடை எதுவும் இல்லை. கவனியுங்கள், பந்தைக் கோபத்தில் அவர் மேல் உதைத்தது உன்சாலின் தப்புதான். ஆனால் அந்தத் தப்பு ரிவால்டோவின் நடிப்பைச் சரியாக்கிவிடாது. 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்திலும் இதே கணக்குதான். இத்தாலியின் மாட்டராசியைத் தலையால் முட்டித் தள்ளிய பிரான்ஸின் ஜிடானுக்கு 3 ஆட்டத் தடை, வார்த்தையால் சீண்டிய மாட்டராசிக்கு 2 ஆட்டத் தடை. “அவன்தானே முதலில் தள்ளினான்” என்பவர்களுக்கு இதுவே என் பதில். தள்ளியதற்கு ஒரு கணக்கு, நடித்ததற்கு வேறு கணக்கு.

மன்றத்தில் எல்லோரும் சேர்ந்து வீடியோவைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன். முதல் தடவை இயல்பான வேகத்தில் பாருங்கள். ஸ்லோமோஷனில் சாதாரண டேக்கிள்கூட வேண்டுமென்றே மிதித்தது போலத் தெரியும், லேசான தள்ளல் பயங்கரமாகத் தெரியும். வி.ஏ.ஆர். நடைமுறையே இப்படித்தான் வகுத்திருக்கிறது: எங்கே பட்டது, பந்து கோட்டைத் தாண்டியதா என்பது போன்ற விவரங்களுக்கு ஸ்லோமோஷன், பலம் எவ்வளவு என்று முடிவெடுக்க இயல்பான வேகம். இயல்பான வேகத்தில் பார்க்கும்போது அவருடைய கைகளைக் கவனியுங்கள். உண்மையில் அடிபட்டவரின் கை, அடிபட்ட இடத்துக்குத் தானாகவே, உடனே போகும். நடிப்பவரிடம் பெரும்பாலும் ஒரு சிறு இடைவெளி தெரியும்: தள்ளல், ஒரு நொடியின் சிறு பகுதி, அப்புறம்தான் கை மேலே போகும். சிலர் விழும்போதே நடுவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்ப்பதும் உண்டு. தனியாக எடுத்தால் இவை எதுவும் தீர்ப்பு ஆகாது. சேர்த்துப் பார்த்தால் படம் தெளிவாகும்.

எனக்கு அந்த விழுதலைவிட உறுத்துவது அதற்குப் பின் வந்த நேரம்தான். சிவப்பு அட்டை காட்டி, வாக்குவாதம் ஓய்ந்து, அந்த டிஃபெண்டர் வெளியே நடந்துபோய், கார்னர் எடுக்க எப்படியும் ஓரிரு நிமிடம் ஆகியிருக்கும். ஆட்டம் மறுபடி தொடங்காதவரை நடுவர் தன் முடிவை மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது. 2012இல் இத்தாலிய லீக்கில் நாப்போலிக்கு எதிரான ஆட்டத்தில் லாட்சியோவின் மிரோஸ்லாவ் க்ளோசே போட்ட கோலை நடுவர் ஏற்றுக்கொண்டார். பந்து தன் கையில் பட்டது என்று க்ளோசேயே போய்ச் சொன்னார், கோல் ரத்தானது. லாட்சியோ 3-0 என்று தோற்றது. அதற்காக அவரை முட்டாள் என்று சொல்பவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. விழுவது ஆட்டச் சூட்டில் அரை நொடியில் நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவர் செய்யாத குற்றத்துக்காக மைதானத்தை விட்டு நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டே வாய் திறக்காமல் நிற்பதற்கு அந்தச் சலுகை கிடையாது. உங்கள் கடிதத்தின் உயிர்நாடி இந்த இடமாக இருக்கட்டும்.

“புத்திசாலித்தனம்” கட்சிக்காரர்கள் அநேகமாக 2010 உலகக் கோப்பையை இழுத்துவருவார்கள். கானாவுக்கு எதிரான காலிறுதியின் கடைசி நிமிடத்தில் கோலுக்குள் போகவிருந்த பந்தை உருகுவேயின் சுவாரெஸ் கையால் தடுத்தார். சிவப்பு அட்டை, பெனால்டி. கானாவின் கியான் அடித்த பந்து கோலின் மேல்கம்பத்தில் பட்டுப் போனது, உருகுவே ஷூட்அவுட்டில் ஜெயித்தது. கானா ரசிகர்களின் வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் அதையும் நடிப்பையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். அவர் எல்லோர் கண் முன்னாலும் விதியை மீறினார், நடுவர் பார்த்தார், விதியில் உள்ள முழு விலையையும் அங்கேயே கொடுத்தார். நடிப்பில் விலை கொடுப்பது வேறு ஆள்.

சரி, பின்னால் தண்டனை வருமா? அது உங்கள் லீக்கின் ஒழுங்குமுறை விதிகளைப் பொறுத்தது. பொதுவாக நடுவர் பார்த்து எடுத்த முடிவே இறுதி, அவர் கண்ணில் படாமல் போன கடுமையான குற்றங்களை மட்டுமே ஒழுங்குக் குழு கையில் எடுக்கும். 2014 உலகக் கோப்பையில் அதே சுவாரெஸ் இத்தாலியின் கியெல்லினியைக் கடித்தபோது நடுவர் அட்டையே காட்டவில்லை. ஃபிஃபா பிறகு 9 சர்வதேச ஆட்டங்களுக்கும் 4 மாதத்துக்கும் தடை போட்டது. ஆனால் 2009இல் அயர்லாந்துக்கு எதிராகப் பிரான்ஸின் தியரி ஆன்ரி பந்தைக் கையால் நிறுத்திக் கோலுக்கு வழிவிட்டதை, அந்தக் கடுமையான குற்றங்களின் வரிசையில் வராது என்று சொல்லித் தண்டிக்காமல் விட்டது. நடிப்பு மஞ்சள் அட்டைக் குற்றம் என்பதால் பல இடங்களில் இதே கதிதான்.

இங்கிலாந்தில் 2017-18 சீசன் முதல் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. நடுவரை ஏமாற்றியதால் பெனால்டி கிடைத்திருந்தாலோ எதிராளி வெளியேற்றப்பட்டிருந்தாலோ 2 ஆட்டத் தடை. பிரீமியர் லீக்கில் முதலில் மாட்டியவர் எவர்ட்டனின் ஊமர் நியாஸ். உங்கள் விஷயத்துக்கு இன்னும் பொருத்தமானது 2019 ஏப்ரலில் நடந்த லீட்ஸ் – ஆஸ்டன் வில்லா ஆட்டம். வில்லா வீரர் ஒருவர் அடிபட்டுக் கிடந்தபோது லீட்ஸ் கோல் போட்டது. அதில் எழுந்த தள்ளுமுள்ளில் லீட்ஸின் பாம்ஃபோர்ட் அடிபடாமலே முகத்தைப் பிடித்துக்கொண்டு விழ, வில்லாவின் எல் காஸிக்குச் சிவப்பு அட்டை. பிறகு அந்தச் சிவப்பு ரத்தானது, பாம்ஃபோர்டுக்கு 2 ஆட்டத் தடை. அதே ஆட்டத்தில், அடுத்த சில நிமிடங்களில், லீட்ஸ் பயிற்சியாளர் பியெல்சா தன் வீரர்களை ஒதுங்கி நிற்கச் சொல்லி வில்லாவைக் கோல் போடவிட்டார். அதற்காக அந்த வருட ஃபிஃபா ஃபேர் பிளே விருது அவருக்கும் அணிக்கும் கிடைத்தது. ஒரே அணி, ஒரே மதியம், இரண்டும் நடந்தது. உங்கள் மன்றத்தின் இரு கட்சிகளும் இதைச் சேர்ந்து பேசினால் நல்லது.

இப்போது கடிதத்துக்கு வருகிறேன். உங்கள் லீக்கில் பாம்ஃபோர்டுக்குப் போட்டது போன்ற விதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் தடை கேட்பதில் பயனில்லை, கடிதம் கோபமாக மட்டும் படிக்கப்படும். அதைவிடப் பெரிய பலன் தரக்கூடியது ஒன்று உண்டு. அந்த டிஃபெண்டரின் சிவப்பு அட்டையை ரத்து செய்யக் கோரி அவருடைய கிளப் மேல்முறையீடு செய்தால், நம் கிளப்பும் நம் வீரரும் உண்மையைச் சொல்லி அதற்குத் துணை நிற்க வேண்டும் என்று கேளுங்கள். மேல்முறையீட்டுக் காலக்கெடு பெரும்பாலும் குறுகியது, எனவே தள்ளிப்போடாதீர்கள். ஆனால் தோல்வியோ வெற்றியோ சூடு ஆறாத அன்றிரவே எழுத வேண்டாம்.

எத்தனையாவது நிமிடம், என்ன நடந்தது, இயல்பான வேகத்தில் என்ன தெரிகிறது, இவ்வளவு எழுதினால் போதும். “ஏமாற்றுக்காரன்”, “பிறவி நடிகன்” போன்ற பட்டங்கள் வேண்டாம். அவருடைய நாடு, நிறம், குடும்பம் பற்றி ஒரு சொல்கூடக் கடிதத்தில் வரக் கூடாது, மன்றத்தில் யாராவது பேசினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அனுப்பும் முன் சட்டையின் நிறத்தை மாற்றிப் படித்துப் பாருங்கள். எதிரணி ஃபார்வர்ட் விழுந்து நம் டிஃபெண்டர் வெளியே போயிருந்தால் இதே வாக்கியங்களை எழுதியிருப்போமா? ஏதாவது ஒரு வரி அப்போது கடுமையாகியிருக்கும் என்று தோன்றினால், அந்த வரியில் நாம் இன்னும் நம் ஆளுக்குச் சலுகை காட்டிக்கொண்டிருக்கிறோம். மன்றம் ஒருமனதாக இல்லையென்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். பாதிப் பேர் கையெழுத்திட்ட நேர்மையான கடிதத்தைக் கிளப் நிர்வாகம் மதித்துப் படிக்கும். அடுத்த ஆட்டத்தில் அவர் பெயரைச் சொல்லிக் கோஷம் போடுவதா வேண்டாமா என்பதைக் கடிதத்தோடு முடிச்சுப் போடாமல், ஒவ்வொருவர் விருப்பத்துக்கும் விட்டுவிடுங்கள்.