தெம்பனிசா, பொங்கோலா? சிங்கப்பூரில் முதல் வீடு வாங்குவோருக்கு

கேள்வி: நானும் கணவரும் சிங்கப்பூர்க் குடிமக்கள். எனக்கு 32 வயது, அவருக்கு 34, மகளுக்கு 4. இதுவரை வாடகை வீடு. இப்போது மறுவிற்பனையில் ஒரு நாலறை வீடு வாங்கப்போகிறோம். தெம்பனிசில் ஒன்று, பொங்கோலில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். விலை ஏறக்குறைய ஒன்றுதான். தெம்பனிஸ் வீட்டுக்குக் குத்தகை 59 ஆண்டு மிச்சம், பொங்கோல் வீட்டுக்கு 88. கணவருக்கு வேலை சாங்கி பிசினஸ் பார்க்கில், எனக்கு ஃபேரர் பார்க் பக்கம். என் மாமியார் செங்காங்கில் இருக்கிறார். கணவர் தெம்பனிஸ் என்கிறார், நான் பொங்கோல் என்கிறேன். யார் சொல்வது சரி?

பதில்: வீட்டில் சண்டை மூட்டிவிட எனக்கு ஆசையில்லை. ஆனாலும் இந்தக் கணக்கில் உங்கள் பக்கம்தான் நிற்பேன். பொங்கோல் கால்வாயோரக் காற்றுக்காக இல்லை, அந்த 59 என்ற எண்ணுக்காக.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) என்ற அரசு அமைப்பு கட்டும் வீடுகளுக்குப் பொதுவாக 99 ஆண்டுக் குத்தகைதான். 2019 மே மாதத்திலிருந்து ஒரு விதி இருக்கிறது: வாங்குவோரில் இளையவருக்கு 95 வயதாகும்வரை குத்தகை நீடித்தால்தான் சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் மத்திய சேம நிதிப் பணத்தையும் வீவக கடனையும் முழு அளவுக்கு எடுக்கலாம். உங்கள் இருவரில் இளையவர் நீங்கள். 32ஓடு 59ஐக் கூட்டினால் 91. நாலு வருடம் இடிக்கிறது. வாங்கவே முடியாது என்றில்லை. எடுக்கக்கூடிய தொகை குறையும், குறைவதை நீங்கள் ரொக்கமாகப் போட வேண்டும்.

இன்றைக்கு அது சமாளிக்கக்கூடிய பள்ளம்தான். நீங்கள் விற்கப்போகும் நாளை நினைத்துப் பாருங்கள். 20 வருடம் கழித்து, மகள் வளர்ந்த பிறகு வேறு வீட்டுக்குப் போக நினைக்கிறீர்கள். அப்போது தெம்பனிஸ் வீட்டில் மிச்சம் 39 ஆண்டு. பார்க்க வருகிறவருக்கு 35 வயது என்றால் குத்தகை அவருடைய 74ஆம் வயதோடு முடிகிறது. அவருக்குக் கடனும் குறைவு, சேமநிதியும் குறைவு. கையில் நிறைய ரொக்கம் வைத்திருப்பவர்தான் வாங்க முடியும், அப்படிப்பட்டவர் விலையை அடித்துத்தான் கேட்பார். அதே நாளில் பொங்கோல் வீட்டில் 68 ஆண்டு இருக்கும்.

“பழைய வீடுதானே, செர்ஸ் வரும், அரசாங்கமே எடுத்துக்கொண்டு புது வீடு தரும்” என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். 1995இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் இதுவரை சேர்ந்தவை மொத்த வீடுகளில் 5 விழுக்காடு அளவுக்குத்தான்.

சரி, உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 80களில் கட்டிய நாலறை வீடுகளில் 104 சதுர மீட்டர் சாதாரணம். பொங்கோலில் அது 92, 93. வித்தியாசம் கிட்டத்தட்ட 129 சதுர அடி. ஊஞ்சல் போடலாம், அப்பா அம்மா வந்தால் பாய் விரிக்கலாம். ரவுண்ட் மார்க்கெட், 2017இல் முழுதாகத் திறந்த தெம்பனிஸ் நடுவம், பக்கத்துச் சீமெய்யில் சாங்கி பொது மருத்துவமனை என்று எல்லாம் ஊறித் தேறிய ஊர் அது. அவருடைய அலுவலகமோ டவுன்டவுன் ரயிலில் மூன்றாவது நிலையம், எக்ஸ்போ. பொங்கோலில் இருந்து போனால் அவர் டிபிஇ விரைவுச்சாலை வழியே பேருந்தைப் பிடிக்க வேண்டும். ரயிலில் சுற்றிக்கொண்டு போனால் ஒரு மணி நேரத்தை எண்ணிக்கொள்ளுங்கள். குறுக்குத் தீவு ரயில்பாதையின் பொங்கோல் கிளை பாசிர் ரிஸ் வரை 2032இல் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதுவரை தினமும் அலுக்கப்போவது அவர்தான். உங்களுக்குப் பொங்கோலில் ஏறினால் ஃபேரர் பார்க் ஒரே வண்டி, ஒன்பது நிலையம்.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்காவுக்குப் போக எது வசதி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். பொங்கோலில் இருந்து லிட்டில் இந்தியா பத்தாவது நிலையம். தெம்பனிசில் ஏறுகிறவர்கள் வரைபடத்தைப் பார்த்து அதே டவுன்டவுன் ரயிலில் லிட்டில் இந்தியா வரை உட்கார்ந்திருந்தால், அது நகரத்தையே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் இறக்கிவிடும். பத்தாவது நிலையமான ஜாலான் புசாரில் இறங்கி சையது ஆல்வி சாலைப் பக்கம் நடந்துவிடுவதுதான் விவரமானவர்கள் வழி. ஆக அந்த விஷயத்தில் இரண்டு ஊரும் சமம்.

பொங்கோலில் ஒன்றுமே இல்லை என்பது பழைய பேச்சு. 2003இல் வடகிழக்கு ரயில் வந்த புதிதில் சுற்றிலும் காலி நிலம்தான். இப்போது வாட்டர்வே பாயிண்ட், உணவங்காடியும் நூலகமும் ஒரே கூரைக்குள் இருக்கும் ஒன் பொங்கோல், அடுத்த ஊரில் 2018இல் வந்த செங்காங் பொது மருத்துவமனை, ரிவர்வேலில் வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயம் எல்லாம் இருக்கின்றன. ஒரே ஒரு நிபந்தனை: எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் அந்த வீடு இருக்க வேண்டும். இல்லையென்றால் தினமும் ஊருக்குள் சுற்றும் குட்டி ரயிலான எல்ஆர்டி. வேலைநாள் காலை ஏழே முக்காலுக்கு அந்த ப்ளாக்குக்குப் பக்கத்து எல்ஆர்டி மேடையில் போய் நின்று பாருங்கள். குட்டி வண்டி வரும், கதவு திறக்கும், பையை முன்னால் கட்டிக்கொண்ட ஒரு கூட்டம் அசையாமல் நிற்கும். ஸ்ட்ரோலரோடு ஒரு தாய் அடுத்த வண்டிக்குக் காத்திருப்பார்.

வீட்டையும் வேலைநாளில் ஒருமுறை பாருங்கள். முகவர்கள் சனி ஞாயிறில்தான் கூப்பிடுவார்கள். பாய லேபார் விமானத்தளத்துப் போர்விமானங்கள் பெரும்பாலும் வார நாளில்தான் பறக்கும். அந்த இரைச்சல் இரண்டு ஊருக்கும் பொது. தளத்தை 2030க்குப் பிறகு இடம் மாற்றுவதாகத் திட்டம். பொங்கோலில் காற்று வடக்கிலிருந்து வீசும் சில நாள்களில் ஜொகூர் பாசிர் கூடாங் ஆலைகளின் ரசாயன வாடை வந்ததாகவும் புகார்கள் எழுந்ததுண்டு.

அப்புறம், நம்மவர்கள் அடிக்கடி கோட்டை விடுவது இன ஒருங்கிணைப்புக் கொள்கையில். இந்தியர், மற்றவர் குடும்பங்களுக்கு ஒரு வட்டாரத்தில் 12 விழுக்காடு, ஒரு ப்ளாக்கில் 15 விழுக்காடுதான் உச்சவரம்பு. அது நிரம்பிவிட்டால் சீன, மலாய் உரிமையாளரிடமிருந்து நீங்கள் வாங்க முடியாது. இந்திய உரிமையாளரிடமிருந்து வாங்கலாம். என் தங்கை ஒரு வீட்டை மூன்று முறை பார்த்து, அடுப்பங்கரையில் கிரைண்டர் எங்கே வைப்பது என்பதுவரை தீர்மானித்து, விலையும் பேசி முடித்த பிறகுதான் அந்த ப்ளாக்கில் வரம்பு நிரம்பியது தெரிந்தது. முகவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீவக இணையத்தளத்தில் ப்ளாக் எண்ணைத் தட்டினால் அரை நிமிடத்தில் தெரியும். மாதாமாதம் முதல் தேதி மாறும்.

மானியத்தில், மாமியார் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் வாங்கினால் 20,000 வெள்ளி கிடைக்கும். பொங்கோல் வீட்டுக்கு அது அநேகமாகப் பொருந்தும், தெம்பனிசுக்குப் பொருந்தாது. முதல் வீட்டுக்கான 80,000 வெள்ளி குடும்ப மானியம் எந்த ஊரானாலும் ஒன்றுதான், குடும்ப வருமானம் மாதம் 14,000ஐத் தாண்டாதவரை.

வீடு வாங்கவும் கடன், மானியம் பெறவும் உங்களுக்குள்ள தகுதியைச் சொல்லும் வீவகவின் எச்எஃப்இ கடிதம் கைக்கு வராமல், விற்பவர் தரும் ஆப்ஷனை (வாங்கும் உரிமைப் பத்திரம்) எடுக்காதீர்கள். ஆப்ஷன் கட்டணம் 1,000 வெள்ளிக்கு மேல் கேட்கக் கூடாது, முடிவெடுக்க 21 நாள் உண்டு. வீவக மதிப்பிடும் விலைக்கு மேல் ஒப்புக்கொண்ட ஒவ்வொரு வெள்ளியும் ரொக்கம். அதற்குக் கடனும் இல்லை, சேமநிதியும் இல்லை.

கேள்வி: நாங்கள் இருவரும் தமிழ்நாட்டிலிருந்து வந்த நிரந்தரவாசிகள். நாங்களும் பொங்கோலில் வாங்கலாமா?

பதில்: நிரந்தரவாசம் கிடைத்து இருவருக்கும் 3 ஆண்டு ஆகியிருந்தால் மறுவிற்பனை வீடு வாங்கலாம். மானியம் கிடையாது, வீவக கடனும் கிடையாது, வங்கிக் கடன்தான். மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தனி வரம்பும் உண்டு: வட்டாரத்தில் 5, ப்ளாக்கில் 8 விழுக்காடு. இதையெல்லாம் விசாரிப்பவர்கள்கூட மறந்துவிடுவது கூடுதல் முத்திரை வரியை. நிரந்தரவாசிகளுக்கு முதல் வீட்டுக்கே 5 விழுக்காடு. 600,000 வெள்ளி வீடென்றால் 30,000, வழக்கமான முத்திரை வரி போக.