டிஎஸ்ஜி கியர்பாக்ஸ்: இரண்டரை லட்சம் கொடுக்கும் முன் பிரஷரைப் பாருங்கள்

கேள்வி: 2016 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ வைத்திருக்கிறேன். 78,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சில வாரங்களாக சிக்னலில் நின்று கிளம்பும்போது கியர் எழுத்து மின்னுகிறது, ஸ்பேனர் குறி வருகிறது, வண்டி நகர மறுக்கிறது. சாவியை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் போட்டால் எதுவும் நடக்காதது போல ஓடுகிறது. சர்வீஸ் சென்டரில் மெக்கட்ரானிக் முழுவதையும் மாற்ற இரண்டரை லட்சம் ஆகும் என்கிறார்கள். மாற்றலாமா, வண்டியை விற்றுவிடலாமா? (வாசகர், கோவை)

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறி டிக்யூ200 என்ற இந்த 7 ஸ்பீடு டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸில் அடிக்கடி வருவதுதான். பெரும்பாலும் கோளாறு, கியர்பாக்ஸை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியான மெக்கட்ரானிக்கின் ஒரு பகுதியில் இருக்கும். அது எந்தப் பகுதி என்று தெரியாமல் முழு யூனிட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

இந்த கியர்பாக்ஸில் இரண்டு கிளட்ச்கள் உண்டு. 1, 3, 5, 7 கியர்களை ஒன்று பார்த்துக்கொள்கிறது. 2, 4, 6, ரிவர்ஸ் இன்னொன்றின் பொறுப்பு. இரண்டும் ட்ரை கிளட்ச், அதாவது ஆயிலில் மூழ்காதவை. கிளட்சை அழுத்துவதும், கியரைத் தள்ளி மாற்றும் கவை போன்ற கியர் போர்க்கை நகர்த்துவதும் மெக்கட்ரானிக்கின் வேலை. கம்ப்யூட்டர், மின்சார ஆயில் பம்ப், வால்வுகள், அக்குமுலேட்டர் எனப்படும் பிரஷர் சேமிப்புக் குப்பி எல்லாம் அந்த ஒரே பெட்டியில் இருக்கின்றன. இதற்கென்று தனியாக 1 லிட்டர் ஹைட்ராலிக் ஆயில் உண்டு. பல்சக்கரங்களுக்கான கியர் ஆயில் வேறு, அந்தச் சுற்றும் வேறு. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. "கியர்பாக்ஸ் ஆயில் மாத்திட்டோம் சார்" என்று யாராவது சொன்னால் எந்த ஆயிலை என்று கேளுங்கள்.

பம்ப் எப்போதும் ஓடிக்கொண்டிருக்காது. சில வினாடிகள் ஓடி, பிரஷரை ஏறக்குறைய 60 பாருக்கு (பார் என்பது அழுத்த அலகு) ஏற்றிவிட்டு நிற்கும். அக்குமுலேட்டர் அந்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்திருக்கும். கியர் மாற மாற அது 40 பார் பக்கம் இறங்கும்போது பம்ப் மறுபடி ஓடும். அக்குமுலேட்டர் பலவீனமானாலும் எங்காவது ஆயில் கசிந்தாலும் பிரஷர் நிற்காது. பம்ப் ஓய்வில்லாமல் ஓட ஆரம்பிக்கும். மோட்டார் சூடாகி எரிந்துவிடக் கூடாது என்று கம்ப்யூட்டரே பம்பை நிறுத்திவிடும். பிரஷர் இல்லையென்றால் கிளட்ச் பிடிக்காது, வண்டி நகராது. நீங்கள் அணைத்துப் பத்து நிமிடம் விடும்போது பம்ப் ஆறிவிடுகிறது, அதனால் மறுபடி ஓடுகிறது. உங்கள் வண்டி தானாகச் சரியாவதன் காரணம் அநேகமாக இதுதான். கோளாறு உள்ளேயே இருக்கிறது. ரயில்வே கேட்டிலோ மேம்பாலத்திலோ நின்றுவிடும் ஆபத்து இருப்பதால் நெடுந்தூரப் பயணம் வேண்டாம்.

முதலில் பேட்டரியைப் பாருங்கள். பம்ப் மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும். நான்கு வருடம் தாண்டிய பேட்டரி, இரவு முழுக்க நின்ற பிறகு 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் பொய்யான எரர்கள் வரலாம். அரை மணி நேர வேலை, சில நூறு ரூபாய் செலவு. இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

பிறகு ஸ்கேன். இன்ஜின் எரர்களை மட்டும் படிக்கும் பொதுவான ஓபிடி கருவி போதாது. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குள் போய்ப் படிக்கும் விசிடிஎஸ், ஓபிடிலெவன் அல்லது கம்பெனியின் ஓடிஸ் வேண்டும். பி17பிஎஃப் என்ற எரர் கோடு இருந்தால், பம்ப் அதிக நேரம் ஓடியதால் பாதுகாப்புக்காக நிறுத்தப்பட்டது என்று பொருள். பி189சி இருந்தால் போதிய பிரஷர் ஏறவில்லை. இவை பிரஷர் போகிறது என்பதைத்தான் சொல்கின்றன. எதை மாற்ற வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. பெரும்பாலான சர்வீஸ் சென்டர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டு முழு யூனிட் விலையைச் சொல்கின்றன. கம்பெனி நடைமுறையில் மெக்கட்ரானிக்கைப் பிரிக்காமல் முழுதாக மாற்றுவதே வழக்கம் என்பதால் அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்கு அது ஒன்றுதான் வழி என்பதும் இல்லை.

அடுத்து நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது ஹைட்ராலிக் பிரஷரின் நேரடி அளவு. இன்ஜின் ஓடும் நிலையில் ஸ்கேனரில் பிரஷரைத் திறந்து வைத்து பம்ப் எவ்வளவு நேரம் ஓடுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கொஞ்சம் ஓடி நீண்ட நேரம் நின்றால் நல்லது. ஓரிரு கியர் மாற்றத்திலேயே பிரஷர் சரசரவென்று விழுந்து பம்ப் மறுபடி மறுபடி ஓடினால் அக்குமுலேட்டர் மீதோ கசிவு மீதோதான் சந்தேகம். பம்ப் ஓடவே இல்லையென்றால் மோட்டார், ஃப்யூஸ், அல்லது சர்க்யூட் போர்டில் பம்புக்குப் போகும் தடம் கருகியிருக்கலாம்.

கசிவைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. மெக்கட்ரானிக் ஆயிலை முழுக்க இறக்கி அளவுக் குவளையில் அளந்து பாருங்கள். இதற்கு டிப் ஸ்டிக் கிடையாது, லெவல் பார்க்கும் வழியும் கிடையாது. ஏறக்குறைய ஒரு லிட்டர் வர வேண்டும். அரை லிட்டர்தான் வந்தது என்றால் மீதி எங்கோ வெளியேறியிருக்கிறது. இந்த யூனிட்டில் பிரபலமான ஒரு பலவீனம் உண்டு: அக்குமுலேட்டரைத் திருகி வைத்திருக்கும் அலுமினியப் பகுதியில் மரையைச் சுற்றி வெடிப்பு விழும். 60 பாரும் 40 பாருமாக ஆயிரக்கணக்கான தடவை ஏறி இறங்கும் அழுத்தத்தில் உலோகம் களைத்துப்போகிறது. இங்கே ஆயிலை டாப் அப் செய்து அனுப்புவது ஏமாற்று. சில வாரங்களில் திரும்ப வருவீர்கள்.

வெடிப்பு என்று உறுதியானால், பலப்படுத்திய ஹவுசிங்கும் (அந்த அலுமினியப் பகுதி) புதிய அக்குமுலேட்டரும் கொண்ட ரிப்பேர் கிட் சந்தையில் கிடைக்கிறது. மெக்கட்ரானிக்கை மட்டும் பிரித்து வேலை செய்யும் பட்டறைகள் பெரிய நகரங்களில் இருக்கின்றன. முழு யூனிட்டோடு ஒப்பிட்டால் செலவு கணிசமாகக் குறையும். கியர்பாக்ஸை இறக்காமலேயே மெக்கட்ரானிக்கைக் கழற்றலாம். ஆனால் கழற்றும் முன் ஸ்கேனர் வழியாக போர்க்குகளைச் சரியான நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மாட்டிய பிறகு ஜி 004 000 தரத்தில் 1 லிட்டர் ஹைட்ராலிக் ஆயில் ஊற்றி பேசிக் செட்டிங் எனும் அடாப்டேஷனை, அதாவது கிளட்ச், கியர் நிலைகளை ஸ்கேனர் வழியாக கம்ப்யூட்டருக்குப் புதிதாகப் பழக்குவதை, முழுவதும் முடிக்க வேண்டும். அது பாதியில் எரர் கொடுத்து நின்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வராதீர்கள். வேலை முடியவில்லை என்று பொருள்.

சில அறிகுறிகளுக்கு மெக்கட்ரானிக் காரணமே அல்ல. ஊர்ந்து போகும்போது 1-லிருந்து 2-க்கு மாறுகையில் உடல் குலுங்கினால் கிளட்ச் தேய்மானத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்கு கியர்பாக்ஸை இறக்கி, லுக் நிறுவனத்தின் ட்வின் கிளட்ச் கிட் போடலாம். சிறப்புக் கருவி இல்லாமல் சுத்தியலால் தட்டிப் போடும் இடத்துக்குப் போகாதீர்கள். இன்னொன்று: 2-ம் 4-ம் நன்றாக விழுந்து, 6-ம் ரிவர்ஸும் மட்டும் விழவில்லையென்றால் அந்த இரண்டுக்கும் பொதுவான ஒரே போர்க் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். அங்கே புது மெக்கட்ரானிக் மாட்டினால் பணம்தான் வீண்.

2013-இல் ஃபோக்ஸ்வாகன் இந்த கியர்பாக்ஸுக்காக உலகெங்கும் ஏறக்குறைய 16 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து, சிந்தெட்டிக் கியர் ஆயிலுக்குப் பதில் மினரல் ஆயில் மாற்றியது. வெப்பமும் ஈரப்பதமும் கூடிய நாடுகளில், அந்த ஆயில் காரணமாக மின்கோளாறு வந்து வண்டி நின்றதே அதற்குக் காரணம். அதற்கு முன் அதே வருடம் மார்ச்சில் சீனாவில் மட்டும் 3,84,181 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. உங்கள் 2016 வண்டி அந்தக் காலத்துக்குப் பிந்தியது. ஆனால் 2013-க்கு முந்தைய டிஎஸ்ஜி காரை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால், அந்த ஆயில் மாற்றப்பட்டதா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்து டீலரிடம் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சரிசெய்த பிறகு ஓட்டும் விதத்தையும் கொஞ்சம் மாற்றுங்கள். காந்திபுரம் சிக்னலில் பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்வதுதான் ட்ரை கிளட்சுக்கு எமன். பிரேக்கை முழுதாக மிதித்தால் கிளட்ச் விடுபட்டுவிடும். முன்னால் ஒரு வண்டி நீளம் இடம் விட்டுக் காத்திருந்து, பிறகு தெளிவாக நகருங்கள். மேட்டில் ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள்.

விற்பது பற்றி: பரிசோதனையில் வெடிப்பு என்று தெரிந்தால் சரிசெய்து வைத்துக்கொள்வதுதான் என் பரிந்துரை. கிளட்சும் மெக்கட்ரானிக்கும் ஒருசேரப் போயிருந்தால் மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். தினமும் நெரிசலில் மணிக்கணக்கில் ஓட்ட வேண்டியிருந்தால், அடுத்த முறை டார்க் கன்வெர்ட்டர் (கிளட்சுக்குப் பதில் ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்தும் ஆட்டோமேட்டிக்) வண்டி நிம்மதி. ஸ்கோடா குஷாக், ஃபோக்ஸ்வாகன் டைகுனிலேயே 1.0 லிட்டர் ஆட்டோமேட்டிக் மாடலில் அதுதான், 1.5 லிட்டரில் டிஎஸ்ஜி. அதற்கும் "லைஃப்டைம் ஆயில்", அதாவது மாற்றவே வேண்டாம், என்ற பேச்சை நம்ப வேண்டாம். கியர்பாக்ஸ் செய்யும் இசட்எஃப் நிறுவனமே தன் ஆட்டோமேட்டிக்குகளுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது.

பட்டறையில் வண்டியை விடும்போது, பில்லில் மூன்று விஷயங்கள் எழுதித் தரச் சொல்லுங்கள்: வேலைக்கு முன் இருந்த எரர் கோடுகள், வேலைக்குப் பின் பம்ப் ஓடும் நேரமும் பிரஷர் அளவும், அடாப்டேஷன் முடிந்த விவரம். கழற்றிய பழைய ஹவுசிங்கையும் கேட்டு வாங்குங்கள். வெடிப்பு உண்மையில் இருந்தால் பெரும்பாலும் வெறும் கண்ணுக்கே தெரியும்.