ஒட்டிப்போன படமும் ஓடிப்போன காசும்

மாரி முடிந்து அலுமாரிகளைத் திறக்கும் காலம். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒட்டிப்போன போட்டோக்களைப் பற்றியவை. சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: அம்மாவின் 1974 கல்யாணப் படங்கள், கறுப்பு வெள்ளை. பொலித்தீன் பையில் கிடந்து ஒரே கட்டியாகிவிட்டன. ஹெயார் டிரையர் பிடித்தால் கழன்று வரும் என்கிறார் மச்சான். – உப்புவெளி

பதில்: முதலில் அவர் கையிலிருந்து டிரையரை வாங்கி வையுங்கள். படத்தின் முகப்பில் இருப்பது ஜெலற்றின் பூச்சு. ஈரம் பட்டால் ஊறிப் பசையாகும், காயும்போது பக்கத்துப் படத்தைப் பிடித்துக்கொள்ளும். அதை விடுவிக்கவும் தண்ணீர்தான் வேண்டும், சூடு அல்ல.

தொடங்குமுன் கட்டியின் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். பின்பக்கத்தில் மைப்பேனாவால் பெயர் எழுதியிருந்தால் அது கரைந்துவிடும், வாசித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அகலமான தட்டில் குளிர்ந்த நல்ல தண்ணீர். நம் திருகோணமலையில் மதியம் மேல்தொட்டியிலிருந்து வருவது கன்னியா வெந்நீரூற்றுத் தண்ணீர் மாதிரிச் சுடும். அதில் பூச்சே இளகிப் போகும். கிணறு உவராக இருந்தால் அதுவும் வேண்டாம். பற்றரிக்கு ஊற்ற விற்கும் வடித்த தண்ணீர் நல்லது. கடையில் அதன் பக்கத்தில் அசிட் போத்தலும் நிற்கும், லேபலைப் பார்த்து வாங்குங்கள்.

இருபது நிமிடம் ஊறவிட்டு ஒரு மூலையை அசைத்துப் பாருங்கள். வரவில்லையா, விடுங்கள், இன்னும் ஊறட்டும். சில கட்டிகளுக்கு மணிக்கணக்காகும். தண்ணீர் கலங்கினால் மாற்றுங்கள். நகத்தாலோ கத்தியாலோ கிளப்பக் கூடாது. நனைந்த பூச்சு பாலாடை மாதிரி, விரல் பட்டாலே முகம் போய்விடும். ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, முகப்பு மேலே இருக்க வெள்ளைப் பருத்தித் துணியில் நிழலில் காயவையுங்கள். சுருண்டால் பயப்பட வேண்டாம். முழுதாகக் காய்ந்தபின் வெள்ளைத் தாளுக்குள் வைத்துப் புத்தகத்தின் கீழ் அமுக்கலாம்.

முதலில், போனால் போகட்டும் என்று நினைக்கும் ஒரு படத்தில் செய்து பாருங்கள். பூஞ்சணம் பிடித்து, தொட்டாலே படம் மாவாக உதிர்கிறதென்றால் நனைக்கவே வேண்டாம்.

கேள்வி: போன வருடம் வீட்டு இங்க்ஜெட் பிரின்டரில் எடுத்த படங்களும் ஒட்டிவிட்டன. இதே வைத்தியமா? – தம்பலகாமம்

பதில்: கூடாது, மை ஓடிவிடும். பைல் போனில் இருக்குமே, திரும்ப எடுங்கள்.

கேள்வி: தாத்தாவின் படம் பிரேம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. கையால் வண்ணம் தீட்டிய பழைய ஸ்டூடியோ படம். – கிண்ணியா

பதில்: இழுக்காதீர்கள். தீட்டிய வண்ணம் தண்ணீரில் கழன்று போகலாம் என்பதால் ஊறவைக்கவும் சொல்ல மாட்டேன். கண்ணாடியைத் துடைத்து, கண்ணாடியில் எதிரொளி விழாமலிருக்க உங்கள் முதுகுப் பக்கம் ஒருவரைக் கறுப்புத் துணி பிடித்து நிற்கச் சொல்லி, பிளாஷ் போடாமல் படம் எடுத்துப் புதுப் பிரதி போடுங்கள். பழையது கண்ணாடியோடேயே இருக்கட்டும். பிரதியை மாட்டும்போது சுற்றிவர மட்டை வைத்துக் கண்ணாடியில் படாமல் மாட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பிரித்தெடுத்த படங்களுக்கு நல்ல அல்பம் எது? – உவர்மலை

பதில்: இந்தக் கேள்வி வந்தால் எனக்குக் கோபம் வரும். பக்கமெல்லாம் கோடு கோடாகப் பசை, மேலே ஒரு பிளாஸ்டிக் தாள்: அந்த அல்பத்தை விற்காத கடை இருந்ததா? தீபாவளி மலிவு விற்பனையில் நானும் மூன்று வாங்கினேன், தங்க எழுத்து அட்டை வேறு. சில வருடங்களில் பசை பழுத்து மஞ்சளாகி, படத்தின் முதுகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பல்லிடுக்கு நூலைப் பின்னால் விட்டு மெல்ல அறுத்து அறுத்துத்தான் எடுத்தேன். ஓரம் கிழிந்தவை கிழிந்தவைதான். 'படத்துக்குப் பாதுகாப்பு' என்று அட்டையிலேயே அச்சடித்து விற்றார்கள்! வாங்குமுன் அல்பத்தைத் திறந்து மணந்து பாருங்கள். புது மழைக்கோட்டு மணம் அடித்தால் அது படத்துக்கு ஆகாத பீவீசீ பிளாஸ்டிக், வைத்துவிட்டு வாருங்கள். பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த உறை, அல்லது அமிலமில்லாத தாளில் மூலை செருகி வைப்பது, இரண்டும் நல்லது. குளியலறையோடு ஒட்டிய சுவரில் அலுமாரியை வைக்காதீர்கள்.

கேள்வி: அப்பாவின் ஒரே படம், பாதி உரிந்தது. 'பழையபடி ஆக்கித் தருவோம்' என்று 6,500 ரூபாய் வாங்கினார்கள். வந்த படத்தில் இருப்பது அப்பாவே இல்லை. மூக்கு வேறு, கன்னத்துத் தழும்பைக் காணவில்லை. கேட்டால் 'கம்பியூட்டர் அப்படித்தான் செய்யும்' என்கிறார்கள். பில் இருக்கிறது. – மூதூர்

பதில்: அம்மா, இதில் உங்கள் பிழை ஒன்றுமில்லை. ஏஐ மென்பொருள் அழிந்துபோனதை மீட்பதில்லை, வேறு முகங்களைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. அதைச் சொல்லாமல் காசு வாங்கியது ஏமாற்று. முதலில் மூலப்படத்தை இன்றே கையில் வாங்குங்கள். பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் பொருந்தும். பணம் வராவிட்டால் அந்த அதிகார சபைக்கு முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். விவரம் கேட்க சபையின் தொலைபேசி இலக்கம் 1977. இன்னொருவரிடம் கொடுத்தால், உரிந்த இடத்தை மட்டும் கையால் திருத்தச் சொல்லுங்கள். திரையில் பார்த்து, தழும்பு இருக்கிறதென்று உறுதியானபின் மிச்சக் காசு.

கேள்வி: 'ஒட்டிய போட்டோ பிரிக்கும் திரவம்' பேஸ்புக்கில் 3,200 ரூபாய்க்கு வாங்கினேன். லேபல் இல்லை, பில் இல்லை, இப்போது அந்தப் பக்கமும் இல்லை. என்ன செய்யலாம்? – நிலாவெளி

பதில்: லேபல் இல்லாத போத்தலுக்கு யார் என்று தெரியாத ஆளிடம் காசு கொடுத்துவிட்டு என்னிடம் கேட்கிறீர்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட்டும் டெலிவரிக்காரர் தந்த துண்டும் இருந்தால் முறைப்பாடு கொடுத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் காசை மறந்துவிடுங்கள். திரவத்தைப் படத்தில் ஊற்ற வேண்டாம், போத்தலைச் சமையலறையில் வைக்கவும் வேண்டாம்.