1/25 அளவு டிராக் ரேஸ் கார் மாடலுக்கு ஸ்பார்க் பிளக் வயர் எவ்வளவு தடிமனில் போடலாம்?

நிஜக் காரில் பிளக் வயர் ஏறக்குறைய 8 மி.மீ. தடிமன். 25-ஆல் வகுத்தால் 0.32 வரும். அதனால் 0.3 மி.மீ. வயர் வாங்குங்கள். 0.5 போட்டால் இன்ஜின்மேல் தோட்டக்குழாய் கிடக்கிற மாதிரி தெரியும்.

மாடலில் இருப்பது கிரைஸ்லர் 426 ஹெமி என்ற எட்டு சிலிண்டர் இன்ஜின் என்றால் கொஞ்சம் கூடுதல் வேலை. அதில் பிளக்குகள் வால்வ் கவரின் (இன்ஜினின் இருபக்கமும் மேலே உள்ள மூடி) நடுவே குழிக்குள் இருக்கும். ஒவ்வொரு கவரிலும் நான்கு துளை போட வேண்டும். ஊசி முனையால் முதலில் புள்ளி குத்திக்கொண்டால் டிரில் பிட் வழுக்காது. 0.35 மி.மீ. பிட்டை விரலாலேயே மெல்லச் சுழற்றுங்கள். அழுத்தினால் பட்டென்று ஒடிந்துவிடும்.

அப்புறம், பெயின்ட் நன்றாகக் காய்ந்த பிறகே வயர். மேக்னெட்டோ (பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் கருவி) பக்கம் எட்டு வயரையும் ஒட்டிவிட்டு, ஒற்றைப்படை சிலிண்டர்களுக்கு ஓட்டுநரின் இடப்பக்கமும் இரட்டைப்படைக்கு வலப்பக்கமுமாகப் பிரித்து விடுங்கள்.