பேட்டரியைக் கொடுத்துவிட்டு இருட்டில் நிற்பதா?

கேள்வி: கலிபோர்னியாவில் வசிக்கிறோம். வீட்டு பேட்டரியை அவசரகால மின் உதவித் திட்டத்தில் சேர்த்தால் பணம் தருவார்களாம். சேரலாமா? அன்றைக்கே கரண்ட் போனால் என்ன செய்வது?
– வாசகி, சான் ஹோசே

பதில்: தாராளமாகச் சேருங்கள் அம்மா. நான் 2022-இல் சேர்ந்தேன். அந்த ஆண்டு செப்டம்பர் 6 அன்று மாநில மின்கட்டமைப்பின் தேவை 52,061 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை காணாத உச்சம். வெயில் சாய்ந்ததும் சோலார் உற்பத்தி இறங்கிவிடும், ஏசி மட்டும் ஓயாது. அந்த மாலை நேரத்துக்குத்தான் நம் பேட்டரிகளைக் கேட்கிறார்கள்.

அப்போது கூடுதலாகக் கொடுத்த யூனிட்டுக்கு 2 டாலர். என் பேட்டரி 13.5 யூனிட். அதில் 40 சதவீதத்தைக் கையிருப்பாக ஒதுக்கிவிடுவேன். மீதி 8.1 யூனிட்டும் போனால் அந்த விலையில் 16 டாலருக்குச் சற்று மேல் கிடைக்கும்.

உங்கள் பயத்துக்கு விடை அந்தக் கையிருப்பில்தான் இருக்கிறது. திட்டத்துக்குக் கொடுக்கும்போது அந்த அளவுக்குக் கீழே பேட்டரி இறங்காது; கரண்ட் போனால் அந்த மீதி வீட்டுக்கு உதவும். முதல் தடவை ஆசைப்பட்டு 5 சதவீதம் வைத்தேன். அன்று இரவே எங்கள் தெருவில் கரண்ட் போனது. அம்மாவின் சுவாசக் கருவி நின்றுபோய், விடியும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் 40-ஐ நான் மாற்றவே இல்லை.

தொகையும் விதிகளும் மாறக்கூடியவை. கையெழுத்திடும் முன், கையிருப்பை நீங்களே மாற்ற முடியுமா, நினைத்தபோது விலகலாமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.